இருட்டுச் சாலையில் சைக்கிளும் நடையும்: மயிரிழைக்கு முன்பே விலகிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மழை தூறிக்கொண்டிருந்த ஓர் இரவு. இரண்டு தெருவிளக்குகளுக்கு நடுவே கிடந்த இருட்டில் ஒரு கறுப்புக் குடை. அதற்குக் கீழே ஆள் இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தபோது, என் முன்சக்கரத்துக்கும் அவர் முழங்காலுக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. இருவரும் அப்படியே உறைந்து நின்றோம். "விளக்கு இல்லையா?" என்று கேட்டார். இருந்தது, எரிந்துகொண்டும் இருந்தது. சரியாக முடுக்காததால் மேல்நோக்கித் திரும்பிப்போய், சாலையோர மரக்கிளைகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. அவரோ குடையை முன்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்ததால் அந்த வெளிச்சத்தைக்கூடப் பார்க்கவில்லை.

யார் மேல் தவறு என்று அன்றிரவு நெடுநேரம் மனதுக்குள் வழக்காடினேன். 'விளக்கு எரிகிறது, எதிரே வருபவர் ஒதுங்கிக்கொள்வார்' என்று நான் நினைத்திருக்கிறேன். 'வருகிறவருக்கு விளக்கு இருக்கும், அவர் பார்த்துக்கொள்வார்' என்று அவர் நினைத்திருக்கிறார். பார்க்கும் வேலையை ஆளுக்கொருவராக அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறோம். நமக்குக் கண் தெரிவது ஒன்று, நாம் பிறர் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே. பெரும்பகுதி சைக்கிள் ஓட்டுபவருக்கானது. வேகம் அவரிடம் இருக்கிறது. ஆகவே பொறுப்பின் பெரும்பங்கும் அவருடையதே. நடப்பவருக்கும் சில உண்டு.

முதல் படி: உங்கள் கண்ணை அளவுக்கு மேல் நம்பாதீர்கள்

விழித்திரையில் பகலுக்குக் கூம்பு செல்கள், மங்கிய ஒளிக்குக் குச்சி செல்கள் என இரண்டு வகை உண்டு. வெளிச்சமான அறையிலிருந்து இருட்டுக்கு வந்தால் குச்சி செல்கள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். வீட்டைப் பூட்டிவிட்டு உடனே சைக்கிளை மிதிக்கிறவர் முதல் சில நிமிடங்களுக்கு அரைக் குருடர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே முதல் ஐந்து நிமிடம் மெதுவாகப் போங்கள். வழியில் கைப்பேசித் திரையைப் பார்த்தால், கண் அதுவரை சேர்த்துவைத்த இருட்டுப் பழக்கத்தின் பெரும்பகுதி போய்விடும். ஓட்டுபவருக்கும் நடப்பவருக்கும் இது பொருந்தும்.

குச்சி செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூ அந்தி மங்கியதும் கறுத்துப்போவதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செக் உடலியலாளர் யான் பூர்கின்யே கவனித்து எழுதினார். எனவே சிவப்புச் சட்டை போட்டிருப்பதால் தெரிவோம் என்று நினைப்பவர் இருட்டில் கறுப்புச் சட்டைக்காரரைப் போலத்தான்.

இன்னொரு வேடிக்கை: பார்வையின் நட்டநடு மையத்தில் குச்சி செல்களே கிடையாது. இருட்டில் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் அது மறைகிறது; சற்றே விலகிப் பார்த்தால் தெரிகிறது. ஆகவே சாலையின் நடுவையே வெறித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று பார்வை உலாவிக்கொண்டே இருக்கட்டும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்ணாடி மாற்றினாலும் இது மாறாது, வேகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாம் படி: நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று அளந்து பாருங்கள்

சைக்கிள் ஓட்டுபவர்கள் அனேகமாகத் தவறவிடும் படி இது. 'பிரேக் நன்றாகப் பிடிக்கும்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன் போகும் தூரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதிர்பாராத ஒன்று இருட்டில் தெரிந்து, அது ஆள்தான் என்று மூளைக்குப் பட்டு, விரல் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில், பதறாமல் பிடிக்கும் சாதாரண பிரேக் நொடிக்கு நொடி வேகத்தை விநாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைக்கிறது என்றும் கொள்வோம். அப்போது:

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஏறத்தாழ 9 மீட்டர் வேண்டும்.
20 கிலோமீட்டரில் 13.5 மீட்டர்.
25 கிலோமீட்டரில் 18.5 மீட்டர்.
30 கிலோமீட்டரில் 24 மீட்டர்.

20 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படும் 13.5 மீட்டரில் 8 மீட்டருக்கு மேல் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே போய்விடுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த பிரேக் போட்டாலும் அந்த 8 மீட்டரில் ஓர் அங்குலமும் குறையாது. அதைக் குறைக்க இரண்டே வழி: முன்கூட்டியே பார்ப்பது, அல்லது மெதுவாக வருவது. பிரேக் பிடியின் மேல் விரல்களை எப்போதும் வைத்திருந்தால் கொஞ்சம் மிச்சப்படும்.

தாளில் படித்தால் இது மனதில் நிற்காது. பகலில் ஆளில்லாத திடலுக்குப் போங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போடுங்கள். வழக்கமான வேகத்தில் வந்து, கோட்டை முன்சக்கரம் தொட்டதும் பிரேக் பிடியுங்கள். நின்ற இடத்தைக் குறியுங்கள். ஐந்து தடவை செய்து, அவற்றில் மிக நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை அல்ல. எதிரே ஆள் வரும் நாளில் நம் திறமை சராசரியாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. அந்தத் தூரத்தோடு, ஒன்றரை நொடியில் நீங்கள் போகும் தூரத்தையும் கூட்டுங்கள். விளிம்பில் கட்டை அழுத்தும் பிரேக் என்றால் தண்ணீர் தெளித்த சக்கரத்தோடு ஒருமுறை செய்து பாருங்கள். எனக்கு அன்று நல்ல பாடம் கிடைத்தது: முதல் ஒரு சுற்றுக்குக் கட்டை தண்ணீரைத் துடைக்கிறதே தவிர, சக்கரத்தைப் பிடிப்பதில்லை.

மூன்றாம் படி: விளக்கைச் சுவரின் முன் நிறுத்திச் சரிசெய்யுங்கள்

கடையில் விளக்கை வாங்கும்போது எத்தனை லூமன் என்றுதான் கேட்கிறோம். லூமன் என்பது விளக்கு மொத்தமாக வெளியே கொட்டும் ஒளி. அது எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. எட்டுத் திக்கிலும் சிதறும் பெரிய விளக்கைவிட, சாலையில் மட்டும் விழும் சிறிய விளக்கு மேல். ஜெர்மனியின் போக்குவரத்து விதிகளின்படி சைக்கிள் முன்விளக்கின் ஒளிக்கற்றைக்கு மேல்பக்கம் ஒரு வெட்டு இருக்க வேண்டும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கக் கூடாது. அந்த விதிப்படி செய்த விளக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள். டார்ச் விளக்கைக் கவ்வியில் மாட்டிக்கொள்வது சுலபம்தான், ஆனால் அது எதிரே நடந்து வருபவரைச் சில நொடிகளுக்குக் குருடாக்கும். கண் கூசியவர் எந்தப் பக்கம் காலெடுத்து வைப்பார் என்று அவருக்கே தெரியாது.

பொருத்தும் முறை இது. சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கு எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். ஒளிக்கற்றையின் நடு, சுவரில் அந்த உயரத்தின் முக்கால் பங்கில் விழ வேண்டும். விளக்கு 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுவரில் 75 சென்டிமீட்டர். அப்படி வைத்தால் கற்றையின் நடு 20 மீட்டருக்கு அப்பால் தரையைத் தொடும். பிறகு, நீங்களே சாலையில் எதிரே நடந்து வந்து பாருங்கள். நண்பர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கண் கூசினால் இன்னும் சற்றுக் கீழே இறக்குங்கள்.

20 மீட்டர் வெளிச்சம் இருக்கிறதே, 25 கிலோமீட்டரில் போகலாமே என்று தோன்றும். கூடாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகக் குறைகிறது. கறுப்புத் துணி, தன் மேல் விழும் கொஞ்ச ஒளியிலும் சில சதவீதத்தைத்தான் திருப்பித் தருகிறது. 20 மீட்டரில் சாலைக் கோடு தெரியும். கருநீலச் சட்டைக்காரர் தெரிய மாட்டார். தெருவிளக்கே இல்லாத, ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் 15 கிலோமீட்டர்தான் என் வரம்பு. மழையில் 10. நண்பர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

விளக்கை மினுக்க விடலாமா? நகரச் சந்தடியில் மினுக்கும் விளக்கு கவனத்தை இழுக்கும். ஆனால் இருண்ட சாலையில் அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகமாக வருகிறது என்று நடப்பவரால் கணிக்க முடியாது. ஆகவே முன்விளக்கு நிலையாக எரியட்டும். டைனமோ வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆள் கூட்டத்தைக் கண்டு நீங்கள் மெதுவாகும் அதே நேரத்தில்தான் விளக்கும் மங்கும். ஓட்டம் நின்ற பிறகும் எரியும் சேமிப்பு வசதி உள்ளதா என்று பாருங்கள்; இல்லையென்றால் பேட்டரி விளக்கு ஒன்றைத் துணைக்கு வையுங்கள். பின்விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுங்கள், பையோ சட்டை விளிம்போ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ரிஃப்ளெக்டர் யாருக்குத் தெரிகிறது என்று யோசியுங்கள்

என் சைக்கிளில் முன்னும் பின்னும் சக்கரங்களிலும் ரிஃப்ளெக்டர் இருக்கிறது. ஒளிப் பட்டை வைத்த மேலாடையும் போட்டிருக்கிறேன். நடந்து வருபவருக்கு இவற்றால் என்ன பயன்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ரிஃப்ளெக்டர், ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகிறது. கார் ஓட்டுபவரின் கண்ணுக்குச் சற்றுக் கீழேதான் அவருடைய விளக்கு. ஆகவே அவருக்கு நாம் ஜொலிக்கிறோம். நடந்து வருபவர் கையில் விளக்கு இல்லை. திருப்பி அனுப்ப ஒளியே இல்லாதபோது ரிஃப்ளெக்டர் வெறும் பிளாஸ்டிக் துண்டு. நடப்பவருக்கு உங்களைக் காட்ட எரியும் விளக்கும் சத்தமும் மட்டுமே உண்டு. இதைப் புரிந்துகொண்டால், 'இவ்வளவு பளபளப்போடு வந்தேன், அவர் எப்படிப் பார்க்காமல் போனார்?' என்ற கோபம் அடங்கிவிடும்.

ஆனால் நடப்பவர் அணிந்தால் கதையே மாறுகிறது. சைக்கிளில்தான் விளக்கு இருக்கிறதே. பின்லாந்தில் இருட்டில் நடப்பவர்கள் ரிஃப்ளெக்டர் அணிய வேண்டும் என்று சட்டமே உண்டு. எங்கே அணிவது என்பதுதான் சூட்சுமம். 1973இல் ஸ்வீடனின் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், மூட்டுகளில் மட்டும் ஒளிப் புள்ளிகளைப் பொருத்திய மனிதர்களை இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். பார்த்தவர்களுக்கு நொடியின் சிறு பகுதிக்குள் அது நடக்கும் மனிதன் என்று புரிந்துவிட்டது. அசையும் மூட்டுக்கு அப்படி ஒரு பேச்சு உண்டு. எனவே ஒரு பட்டை மட்டும் இருந்தால் அதை மார்பில் ஒட்டாமல் கணுக்காலில் கட்டுங்கள். சைக்கிள் விளக்கு தாழ்வாக விழுவதால் முதலில் வெளிச்சம் படுவதும் அங்கேதான். பகலில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ஆரஞ்சு ஒளிர்துணிகள் சூரியனின் புற ஊதாக் கதிரை நம்பியிருப்பவை. இரவில் அவற்றின் ஜம்பம் பலிக்காது.

ஐந்தாம் படி: நடப்பவருக்கு

இருட்டில் நடப்பவர்கள் தாங்கள் தெரியும் தூரத்தை மிகையாகவே மதிப்பிடுகிறார்கள். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பது இது. காரணம் எளிது. வரும் விளக்கு நமக்கு அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தெரிகிறது. 'நான் பார்த்துவிட்டேன், அவரும் பார்த்திருப்பார்' என்று மனம் சொல்கிறது. விளக்குக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கு நீங்கள் கடைசிச் சில மீட்டரில்தான் தெரிகிறீர்கள்.

நடைபாதை இருந்தால் அதில் நடங்கள். இல்லாத இடத்தில் வாகனங்களை எதிர்கொள்ளும் ஓரமாக நடங்கள். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் அது வலது ஓரம். (சைக்கிள்காரர்கள் எதிர்த்திசையில் ஓட்டக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம்: இப்படி முறையாக நடப்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் அவர்கள் வந்து சேருகிறார்கள்.) சிறு டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளி இரண்டு மூன்று மீட்டர் முன்னே தரையில் விழட்டும். கை வீச்சோடு அந்த வட்டம் ஆடுவதே ஓர் அறிவிப்பு. வருபவர் முகத்தில் அடிக்காதீர்கள். காதில் பாட்டு வேண்டுமென்றால் ஒரு காதுக்கு மட்டும். குடையை எதிர்ச்சாரலுக்குச் சாய்க்க நேரும்போது இரண்டு மூன்று அடிக்கொருமுறை தூக்கிப் பாருங்கள். நாயோடு போனால் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள்; நீங்கள் ஓர் ஓரமும் நாய் மறு ஓரமுமாக இருந்தால் நடுவே உள்ள கயிறு யார் கண்ணுக்கும் தெரியாது. நாலு பேர் சேர்ந்து நடந்தால் சாலைப் பக்கம் இருப்பவர் கையில் விளக்கு இருக்கட்டும்.

ஆறாம் படி: நெருங்கும் விதம்

மணியை 20 மீட்டருக்கு முன்பே, மெதுவாக இரண்டு தடவை அடியுங்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் அது ஐந்து நொடி அவகாசம். 5 மீட்டரில் அடித்த மணி அறிவிப்பு ஆகாது, மிரட்டல்தான். மிரண்டவர் பக்கவாட்டில் துள்ளுவார், துள்ளுவது பெரும்பாலும் நாம் போக நினைத்த பக்கமாகவே இருக்கும்.

அதற்குப் பிறகு குரல். "வலது!" என்று கத்துவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பாதிப் பேர் வலப்பக்கம் ஒதுங்குகிறார்கள், மீதிப் பேர் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். "பின்னால் சைக்கிள் வருகிறது, நீங்கள் நேராகவே நடங்கள்" என்றால் குழப்பம் இல்லை. பதில் வராவிட்டால் கேட்கவில்லை என்றே கொள்ளுங்கள். காது கேளாதவராக இருக்கலாம். வெள்ளைக் கோல் வைத்திருப்பவர் என்றால் கோல் வீசும் அகலத்துக்கும் வெளியே, குரல் கொடுத்தபடி செல்லுங்கள். கடக்கும்போது பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி, முடிந்தால் ஒன்றரை. அவ்வளவு இடம் இல்லையா? இறங்கித் தள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் இடம் இருந்தாலும் நடை வேகம்தான்.

ஏழாம் படி: இடங்களை அறிந்து வையுங்கள்

வழக்கமாகப் போகும் பாதையை ஒருமுறை இருட்டில் நடந்து பாருங்கள். சைக்கிளில் தெரியாதவை தெரியும். தெருவிளக்கு இல்லாத சாலையைவிட, விட்டுவிட்டு எரியும் சாலை ஏமாற்றுக்காரி. வெளிச்ச வட்டத்துக்குப் பழகிய கண், அடுத்த இருட்டுத் துண்டில் ஒன்றையும் பிடிக்காது. ஆள் நிற்பது அங்கேதான். வீட்டு வாசல், நிறுத்திவைத்த வண்டிகளின் இடுக்கு, பஸ் நிறுத்தம், வளைவின் உள்ளோரம் ஆகியவற்றில் சுவரிலிருந்து விலகி ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, எதிரே ஒரு காரின் முழு வெளிச்சம். உங்களுக்கும் காருக்கும் நடுவே சாலையைக் கடக்கும் ஆள் அப்படியே கரைந்துபோவார். விளக்கைப் பார்க்காமல் உங்கள் பக்கத்துச் சாலை விளிம்பைப் பாருங்கள். நடை வேகத்துக்கு இறங்குங்கள். கார் போன பிறகும் கண் தெளியும் வரை சில நொடி அப்படியே போங்கள். வண்டி போனதும் வேகம் எடுப்பது அனிச்சையாகவே நடக்கும். நடப்பவரும் அது போகட்டும் என்று காத்திருந்து அதே நொடியில்தான் சாலையில் இறங்குகிறார்.

எட்டாம் படி: கடைசி நொடி வந்தேவிட்டால்

சைக்கிளில் இருப்பவர்: முதலில் பிரேக், இரண்டையும் சேர்த்து. உடலைப் பின்னால் தள்ளி, கைகளை நேராக ஊன்றுங்கள். இல்லாவிட்டால் முன்பிரேக் உங்களைத் தூக்கி எறியும். திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், கடக்கிறவரின் முதுகுப் பக்கமாக, அதாவது அவர் விட்டுவந்த இடத்தை நோக்கித் திருப்புங்கள். முன்பக்கம் திருப்பினால் அவரோடு போட்டி போடுகிறீர்கள். குரல் கொடுங்கள், சொல் எதுவாக இருந்தாலும் சரி.

நடப்பவர்: நின்றுவிடுங்கள், அல்லது போன வேகத்திலேயே போங்கள். பின்வாங்குவதும் ஓடுவதும் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே பக்கம் விலகி, மறுபடியும் ஒரே பக்கம் விலகும் அந்த ஆட்டம் நடைபாதையில் சிரிப்பு. சைக்கிள் வரும்போது அப்படியல்ல. நிற்கிற ஒன்றைச் சுற்றிப்போக அவரால் முடியும்.

ஒன்பதாம் படி: தப்பிய பிறகு

கிளம்பிவிடாதீர்கள். "அடிபட்டதா?" என்று கேளுங்கள். மோதவே இல்லையென்றாலும் விலகும்போது கணுக்கால் பிசகியிருக்கலாம், வயதானவர் என்றால் உட்கார இடம் தேவைப்படலாம். நியாயம் பேசும் நேரம் அதுவல்ல. இருவர் கையும் நடுங்கிக்கொண்டிருக்கும். நடுக்கம் அடங்கும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள்.

வீடு வந்ததும் நாலு வரி எழுதி வையுங்கள்: இடம், நேரம், மழையா, தெருவிளக்கு எரிந்ததா, முதலில் எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள், மணி அடித்தீர்களா. அமெரிக்காவில் விமானிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் தங்கள் தவறுகளையும் தப்பிப் பிழைத்த நொடிகளையும் அச்சமின்றி எழுதி அனுப்ப 1976 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது. நாசா அதை நடத்துகிறது. மோதியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மோதும் வரை ஒன்றும் தெரியாது என்பதே அதன் அடிப்படை. இப்படி மூன்று நான்கு குறிப்புகள் சேர்ந்தால் ஒரே வளைவோ ஒரே கம்பமோ திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தக் கம்பத்தின் எண்ணோடு உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதுங்கள். "எங்கள் தெரு இருட்டாக இருக்கிறது" என்ற புகார் கோப்பில் தூங்கும். எண்ணோடு போகும் புகாருக்குக் கொஞ்சம் கால் முளைக்கும்.

குடைக்காரரைச் சந்தித்த இடத்துக்கு ஒரு வாரம் கழித்து, அதே நேரத்தில் நடந்தே போனேன். அடுத்தடுத்த மூன்று கம்பங்களில் நடுவிலிருந்தது எரியவில்லை. எண்ணைக் குறித்து எழுதிப் போட்டேன். விளக்கு வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் என் முன்விளக்கின் கவ்விக்கு அடியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றைக் கொடுத்து முடுக்கியிருந்தேன். இன்றுவரை நழுவவில்லை. ஆனாலும் கிளம்பும் முன் ஒருமுறை கையால் அசைத்துப் பார்க்கிறேன்.